நல்ல நம்பர் காட்டிய தண்ணீர்

வீட்டுக் குடிநீர் மெஷின்களை சர்வீஸ் செய்வது என் தொழில் என்றாலும், மெஷினைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை, "குடிக்கலாமா?" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். தாம்பரம் பக்கத்து போர் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு சீப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடும் சக பாவிகளே, அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கும் பாதி முடி கொட்டிவிட்டது.

வேகாத பருப்பு

பம்மலில் ஒரு அக்கா. தண்ணீரைப் பற்றி அவருக்குப் புகாரே இல்லை. குழாயெல்லாம் வெள்ளை பூத்து, பக்கெட் சுண்ணாம்பு அடித்தது போல் இருந்தது. அதற்குப் பழகிவிட்டார். மெஷினில் தண்ணீர் சொட்டுகிறது என்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

வேலை முடியும்வரை பக்கத்தில் நின்று, பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று கடைக்காரரைத் திட்டினார். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துக் காட்டினேன். ஐந்நூறுக்குள் இருக்கவேண்டிய நம்பர் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியது. கடைக்காரர் மேல் குற்றமில்லை, இந்த உப்புத்தண்ணீரில் எந்தப் பருப்பும் லேசில் வேகாது என்றேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"நாலு மாசமா பருப்ப மாத்திகினே கீறேன். அந்த ஆளு இப்ப என்னப் பாத்தாலே உள்ள பூந்துக்கறான்."

இளநீர்ப் பரிசோதனை

நாவலூர் அடுக்குமாடி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர் சொந்தமாகவே மீட்டர் வாங்கிவிட்டார். லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், ரசம், மோர் எதையும் விடவில்லை. நோட்டில் எழுதி வைத்திருந்தார். முகத்தைப் பார்த்தால் மூன்று நாள் தூங்காதவர் போல இருந்தது.

மீட்டர் கரைந்திருக்கிற உப்பைத்தான் கணக்குப் பார்க்கும், நல்லது கெட்டது அதற்குத் தெரியாது, கிருமி இருந்தால்கூடக் காட்டாது என்று பெரிய மேதாவி போல விளக்கினேன். இதைச் சொன்னது நான்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டார்.

"சார், இளநி ஆயிரக்கணக்குல காட்டுதே. பையனுக்கு நிறுத்திடட்டுமா?"

நூற்றி எண்பது

ராஜகீழ்ப்பாக்கத்தில் தரைத்தள வீடு. கவிதா என்ற பெண்ணுக்கு ஏழு மாதக் குழந்தை. அப்போதுதான் பாலோடு தண்ணீரும் கொடுக்க ஆரம்பித்திருந்தார். தண்ணீர் விஷயத்தில் ரொம்பப் பயப்படுகிறாரே என்று என் பழைய மீட்டரை நானே கொடுத்திருந்தேன்.

இரண்டு நாள் விடாத மழை. பம்மலுக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன். கரண்ட் இல்லை, மெஷின் ஓடவில்லை. ஆனால் எப்போதும் ஆயிரத்துக்கு மேல் காட்டும் குழாய்த் தண்ணீர் இன்று நூற்றி எண்பதுதான் காட்டுகிறது, காய்ச்சாமலே குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். ரெயின்கோட்டுக்குள் போனைச் சொருகிக்கொண்டு, தாராளமாகக் கொடும்மா என்றேன். அவர் குரலில் அத்தனை நிம்மதி.

"காலையிலேர்ந்து இது ஒண்ணுதான்ணா நல்ல சேதி."

சம்ப் மூடி

பம்மலை முடித்துக்கொண்டு மாலையில் கவிதா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டுக்குப் போனேன். தரைக்கடியில் தண்ணீர் சேமிக்கும் சம்ப் எங்கே என்று கேட்டதற்கு வீட்டுக்காரர் வாசலில் தேங்கிய கறுப்புத் தண்ணீரைக் காட்டினார். மூடி அதற்குள் இருந்தது. பக்கத்திலேயே கழிவுநீர்த் தொட்டி பொங்கிக்கொண்டிருந்தது.

கவிதா வீட்டுத் தண்ணீரில் உப்பு ஏன் குறைந்தது என்று அப்போதுதான் உறைத்தது. உப்பில்லாத மழைத் தண்ணீர் தெருவை அலசிக்கொண்டு அவர் வீட்டு சம்புக்குள்ளும் இறங்கி, கரண்ட் போவதற்கு முன்பே மோட்டார் வழியாக மேலே ஏறியிருக்கிறது. போன் செய்தேன், சுவிட்ச் ஆஃப். வண்டி பாதியில் நின்றது. முழங்கால் தண்ணீரில் நடந்தே போனேன். மதியத்திலிருந்து இரண்டு தடவை கொடுத்திருந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன்.

இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ். தினமும் போய் வாசலில் நின்றேன்; உள்ளே போக தைரியம் வரவில்லை. குழந்தை தேறி வீட்டுக்கு வந்தபின் கவிதாவே கூப்பிட்டார். எது சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று போனேன். கையில் என் மீட்டரை வைத்துக்கொண்டு நின்றார்.

"திட்டணும்னுதான்ணா கூப்ட்டேன். ஆனா இன்னிக்குத் தண்ணி குடிக்கலாமான்னு கேக்க எனக்கு வேற யாரு இருக்காங்க?"

அன்றிலிருந்து யார் கேட்டாலும் மீட்டரைப் பையிலேயே வைத்துவிட்டு முதலில் சம்ப் மூடியைத் திறக்கச் சொல்கிறேன். கெட்ட நம்பருக்கு மெஷின் இருக்கிறது, நல்ல நம்பரைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.