ஜப்பான் நோட்டில் ஓர் அப்பா

இடைநிலைப் பள்ளியின் விடுதியில் எனக்கு இடம் கிடைத்தபோது கடிதத்தோடு ஒரு தாளும் வந்தது. அரபு, பிரெஞ்சு, ஜப்பான் ஆகிய மூன்று மொழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எனக்கு மூன்றுமே ஒன்றுதான். அப்பா தாளைச் சமையலறை மேசையில் விரித்து, யோசிக்காமல் ஜப்பானுக்கு நேரே கோடு போட்டார்.

"எங்க மேனேஜர் ஜப்பான்காரருலா. ஒரு நாளைக்கு நீ அவருகிட்ட பேசணும்."

அப்பா அந்த வருடம்தான் செண்டாயானில் ஒரு ஜப்பான் தொழிற்சாலைக்கு ஜாகா வேலைக்குப் போயிருந்தார். கேட்டில் நின்று, வரும் லாரிகளின் எண்ணை எழுதிக்கொண்டு, தடுப்புக் கம்பை ஏற்றி இறக்க வேண்டும். அதற்கு முன்பு எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் பாதியை விற்றுவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரு வரிசை வீடுகளில் நாங்கள் இருந்தோம். மேனேஜர் காலையில் காரில் வருவார், அப்பா கம்பை ஏற்றி சல்யூட் வைப்பார், கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அவர் தலையைக் குனிவார். இருவருக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான். அதை நம்பி என் தலையில் ஒரு மொழியைக் கட்டினார்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜப்பானில் படித்துவிட்டு வந்த மலாய்க்காரப் பெண்மணி. சென்செய் என்றுதான் கூப்பிட வேண்டும். மூன்றாவது வாரம் அவர் கரும்பலகையில் ஆறு வேலைகளை எழுதிப் போட்டார். மருத்துவர், ஆசிரியர், வங்கி ஊழியர், நிறுவன ஊழியர், ஆராய்ச்சியாளர், இஞ்சினியர். "என் அப்பா இன்னார்" என்று ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார். பட்டியலில் இல்லாத வேலை என்றால் கையைத் தூக்கிக் கேட்கலாம் என்றும் சொன்னார்.

நான் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் முப்பது பேர் முன்னால் மலாயில் "ஜாகா" என்று சொல்ல வேண்டும். வெட்கமா என்றால், ஆமாம், வெட்கம்தான். ஆனால் வெட்கத்தைவிடச் சோம்பல் அதிகம். இஞ்சினியர் என்பது மட்டும் ஆங்கிலத்தில் இருப்பதுபோலவே இருந்தது. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அப்படித்தான் எங்கள் அப்பா ஜப்பான் மொழியில் இஞ்சினியர் ஆனார். அப்பாவுக்கு அந்த மொழியில் "சிச்சி" என்று பெயர். இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

ஒரு பாடத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த பாடம் வாகனங்கள். அப்பா எதில் வேலைக்குப் போகிறார்? ரயிலில் போகிறார் என்று எழுதினேன். நான் அதுவரை ரயிலில் ஏறியதில்லை, அவராவது போகட்டுமே என்று நினைத்தேன். அதற்கடுத்த பாடம் பொழுதுபோக்கு. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அப்பாவிடமே கேட்டேன். நோட்டை ஒருமுறை உண்மையால் நிரப்பலாம் என்று ஆசை.

"பொழுதுபோக்கா? அப்படின்னா?"

"வேலை இல்லாத நேரத்துல என்னா செய்வீங்க?"

சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி நிஜமாகவே யோசித்தார். "தூங்குவேன்," என்றார். தூக்கத்துக்கு வார்த்தை தெரிந்திருந்தும் நான் அதை எழுதவில்லை. பறவைகளைப் படம் எடுப்பார் என்று எழுதினேன். அவருக்கு ஒரு கேமராவும் வாங்கிக் கொடுத்தேன். பதினோராம் பாடத்தில் கிழமைகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருக்கிறார், சோறு ஆக்குகிறார், நாங்கள் மூவரும் சேர்ந்து சாப்பிடுகிறோம் என்று எழுதினேன். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அன்றைக்குச் சம்பளம் கூடுதல் என்பதால் அவரே கேட்டு வாங்கிக்கொண்டது.

அந்த வயதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்று உண்டு. தமிழில் நான் பொய் சொன்னால் காது சுடும், அம்மா முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். ஜப்பான் மொழியில் சொன்னால் ஒன்றுமே ஆகாது. வார்த்தைகள் அப்போதுதான் கடையிலிருந்து வாங்கிவந்த பாத்திரம்போல இருந்தன, அவற்றில் யாரும் எதையும் சமைத்திருக்கவில்லை. வகுப்பில் என்னைப் போலவே பலர் இருந்தார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. விடுதியின் அடுக்குக் கட்டிலில் எனக்குக் கீழே படுப்பவள் போர்டிக்சன்காரி, ராணுவ வீரரின் மகள். அவளுடைய நோட்டில் அவள் அப்பா நிறுவன ஊழியர், தினமும் செய்தித்தாள் படிக்கிறார். அவர் இறந்து நான்கு வருடமாகிறது என்று ஒருநாள் துணி காயப்போடும்போது சொன்னாள். பிறகு ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"இறந்தகாலம் இன்னும் நடத்தலையே," என்றாள்.

மறு வருடம் இறந்தகாலம் நடத்தினார்கள். அவள் எதையும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

மூன்றாம் வருடம் சிரம்பானில் பேச்சுப் போட்டி நடந்தது. தலைப்பு "என் குடும்பம்". சென்செய் என்னை நிறுத்தினார். மூன்று வருட நோட்டையும் புரட்டி, எனக்கு நன்றாக வாயில் வந்த வாக்கியங்களை எல்லாம் கோத்து நான்கு நிமிடத்துக்கு ஒரு பேச்சு தயாரித்தேன். எல்லாமே என் நோட்டில் இருந்த அப்பா. உண்மையானவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை.

வந்துவிட்டார். காலை ஷிப்டை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, ஜாகா சட்டைக்கு மேலே ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் "சிச்சி" என்று சொன்னபோதெல்லாம் அவரைத்தான் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை என்பது தைரியமாக இருந்தது. மூன்றாம் பரிசு கிடைத்தது. எல்லோரும் நிறுத்திய பிறகும் அப்பா கைதட்டிக்கொண்டிருந்தார்.

மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது சொன்னார். "திங்கக்கிழம மேனேஜர்கிட்ட காட்டப் போறேன்."

ஜாகா சட்டையோடு கேட்டில் நின்றுகொண்டு, தான் இஞ்சினியர், தன்னிடம் கேமரா இருக்கிறது என்று சொல்லும் படத்தை அப்பா தன் கையாலேயே அவரிடம் நீட்டப் போகிறார்.

"வேணாம்ப்பா. உச்சரிப்பு சரியா வரல."

"மூணாவது பரிசு சும்மாவா குடுத்தாங்க?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்பா குளிக்கப் போனபோது அவருடைய கைப்பேசியை எடுத்தேன், படத்தை அழித்துவிட. பேச்சு தொடங்குவதற்கு முன்பே, காலி மேடையை ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்து வைத்திருந்தார். அழித்தாலும் பயனில்லை. தோட்டத்து வாட்சப் குழுவில் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தார். கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். யாரோ ஒருவர், புள்ள என்னா பேசுது என்று கேட்டிருந்தார். அப்பா பதில் போட்டிருந்தார்: "எல்லாம் நல்லதுதான்."

அன்று மாலையே விடுதிக்குத் திரும்பினேன். அங்கே கைப்பேசிக்கு அனுமதி இல்லை. இரண்டு வாரம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கணக்குப் பாடம். இப்போது கார் வந்திருக்கும், இப்போது கண்ணாடி இறங்கியிருக்கும், இப்போது சிரித்திருப்பார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே படுப்பவளிடம் சொன்னேன். "ஏன் அப்படிச் சொன்னேன்னு உன்னைக் கேக்க உங்கப்பாவாவது இருக்காரே," என்றாள். அவள் ஆறுதலுக்குச் சொன்னாளா, பொறாமையில் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து சனிக்கிழமை அப்பா அழைத்துப்போக வந்தார். வழியில் லோபாக்கில் ஒரு கடையில் மோட்டாரை நிறுத்தி, இரண்டு தேத்தண்ணி சொன்னார். வழக்கமாக நிறுத்த மாட்டார். தேத்தண்ணி வந்து ஆடை கட்டிய பிறகு சொன்னார்.

"மேனேஜர்கிட்ட காட்டிட்டேன்."

நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காரை ஓரமா போட்டுட்டு எறங்கி வந்து முழுசா பாத்தாரு. நல்லா பேசுதுன்னாரு. அப்புறம் என் சட்டைய பாத்தாரு. யூ இஞ்சினியர்னு கேட்டாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"யெஸ் சார்னுட்டேன்."

"ஜாகா சட்டையோடவா?"

"வேற என்னா சொல்றது? இல்லைன்னு சொன்னா நீ மேடையேறி பொய் சொன்னதா ஆயிரும்லா." அப்பா தேத்தண்ணியை ஊதினார். "அதோட விட்டாரா? என்னா கேமரான்னாரு. எனக்கு ஒன்னும் ஓடல. வித்துட்டேன்னுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சிருங்கப்பா என்றேன். அதைத் தமிழில் சொன்னபோது காது சுட்டது. அப்பா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"அழுவாத. இப்ப தினம் கண்ணாடிய எறக்கி ஒரு கேள்வி கேக்குறாரு. முந்தாநேத்து, ட்ரெயின்ல எவ்ளோ நேரம்னாரு. நான் இன்னும் என்னென்ன செஞ்சிருக்கேன், எல்லாத்தையும் சொல்லி வச்சிரு."

பையிலிருந்து நோட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். ரயில், பறவைகள், காலையில் குடிக்கும் காப்பி. பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டிக் கேட்டார். என்ன பறவை என்று மட்டும் குறுக்கே கேட்டார். அந்த வார்த்தை எனக்குத் தெரியாது, அதனால் சும்மா பறவை என்றேன். பிறகு கைப்பேசியை எடுத்து, விரலால் படத்தைத் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்த எடத்த மட்டும் அவரு திருப்பிப் போட்டு ரெண்டு தடவ கேட்டாரு. அப்புறம் கொஞ்ச நேரம் பேசல. அதான் எனக்கு வெளங்கல. இதுல நீ என்னா சொல்ற?"

காதில் வைத்துக் கேட்டேன். பதினோராம் பாடம்.

"ஞாயித்துக்கிழம அப்பா வீட்டுல இருக்காருன்னு."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "வீட்டுல இருக்கேனா?"

"இருக்கீங்க. சோறு ஆக்குறீங்க. நம்ம மூணு பேரும் சாப்புடுறோம்."

"எத்தன நாளா?"

"மூணு வருசமா."

பக்கத்து மேசையில் யாரோ காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார்கள். அப்பா அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா அது பொய்யின்னு அவருக்குத் தெரியும்," என்றார். "ஞாயித்துக்கிழமையில அவருக்கு கேட்டைத் தொறந்து விடறதே நான்தான். அவரும்தான் வந்துர்றாரு. ஆபீஸ்ல தனியா உக்காந்துட்டு ராத்திரிதான் போவாரு."

அவருக்குக் குடும்பம் இல்லையா என்று கேட்டேன். ஜப்பானில் இருக்கிறார்களாம். ஒரு பெண் பிள்ளை, என் வயதிருக்கும் என்று யாரோ சொன்னார்களாம்.

அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "அதையே கேள்வியா கேக்கணும்னா எப்படி?" என்றார்.

"எதை?"

"ஞாயித்துக்கிழம வீட்டுல இருக்கீங்களான்னு. அவருதான் தினம் கேக்குறாரு. நான் ஒன்னும் கேட்டதில்லையே."

சொல்லிக்கொடுத்தேன். நிச்சியோபி, உச்சி நி இமாஸ் கா. இருக்கிறேன் என்றால் இமாஸ், இல்லை என்றால் இமாசென். அப்பா நாக்கை மடக்கி மடக்கிப் பார்த்தார். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். மோட்டாரில் ஏறிய பிறகும் விடவில்லை. தலைக்கவசத்துக்குள் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பின்னால் உட்கார்ந்து நான் திருத்திக்கொண்டே வந்தேன். தோட்டத்துக்குத் திரும்பும் வளைவில் ஒருமுறை பிசகில்லாமல் வந்துவிட்டது.

"இப்ப நான் கேக்குறேன், நீங்க பதில் சொல்லுங்க," என்றேன். பழக்கத்துக்காகத்தான். அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டேன். நிச்சியோபி, உச்சி நி இமாஸ் கா?

மோட்டாரின் வேகம் கொஞ்சம் குறைந்தது.

"இமாசென்," என்றார்.

உச்சரிப்பு சரியாக இருந்தது. மூன்று வருடத்தில் ஜப்பான் மொழியில் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லப்பட்ட முதல் உண்மை அதுதான்.