புளி போட்டுத் துலக்கிய வில்லை

புளியும் செங்கல் தூளும் பித்தளையில் படும்போது எழும் வாசம் எந்த வீட்டிலிருந்து வந்தாலும், இன்றும் எனக்கு ஓர் ஆயுத பூஜை நாள் நினைவுக்கு வரும்.

நகரியில் விசைத்தறி ஓட்டிய என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, ஒரு பைத்தியம் இருந்தது. சித்தூரின் பழைய பித்தளைக் கடைகளைக் கிளறி, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிப்பாய்கள் தொப்பியில் குத்திக்கொண்ட வில்லைகளைத் தேடிப் பிடித்து வருவார். அம்மாவுக்கு அவை "களிம்பு புடிச்ச பில்லை". நைனாவோ ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எவன் தலையில இருந்துச்சோ, பாவம்" என்பார். ஒருமுறை கிடைத்த வில்லையில் ஓர் எக்காளமும், அதன் கீழே தேய்ந்துபோன ஓர் எண்ணும் இருந்தன. அந்த எண்ணைக் கொண்டுவந்து காட்டினால் எந்தப் படை என்று சொல்லிவிடுவதாக, திருப்பதியில் இதே பைத்தியம் பிடித்த ஒரு பள்ளிக்கூட "மாஸ்டாரு" வாக்குக் கொடுத்திருந்தார். திருப்பதிக்குப் போக ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று நைனா தவித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்று பித்தளை என்று எது இருந்தாலும் பளபளக்க வேண்டும். குத்துவிளக்கு, சொம்பு எல்லாம் துலக்கி முடித்தபின், மூன்றாம் வகுப்புப் படித்த நான், நைனா மகிழ்ந்துபோவார் என்று நம்பி அந்த வில்லையையும் முன்னும் பின்னும் கை வலிக்கத் தேய்த்தேன். வில்லை பொன்னாக மின்னியது; எண் போயே போய்விட்டது.

தறிக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தவர், "இன்னாம்மா பண்ணி வெச்சிக்கீற!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு அடி போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. பிறகு வில்லையைக் கையில் எடுத்துப் புரட்டினார். களிம்பு நீங்கிய பின்புறத்தில் ஆணியால் கீறிய தமிழ் எழுத்துகள், ஒரு புள்ளிகூட இல்லாமல்: கோவிநதன. கல்யாண வீட்டுக்கு இரவல் கொடுக்கும் அண்டா மாறிப்போகாமலிருக்க நாம் பேர் வெட்டி வைப்பதில்லையா, அப்படித்தான் அந்தச் சிப்பாயும் செய்திருக்கிறான்.

"படை கெடக்குது வுடு, ஆளே கெடச்சிட்டான்!" என்று என்னைத் தூக்கிக்கொண்டு நைனா தெரு முழுக்கக் காட்டி வந்தார். புள்ளி வைத்துத் தரட்டுமா என்று நான் கேட்டபோது மட்டும், "அதுல கை வெச்சே, அவ்ளோதான்" என்றார்.

இப்போது அந்தப் பித்தளைக் கடைகள் இருந்த இடத்தில் செல்போன் கடைகள். நைனாவும் இல்லை. திருப்பதியில் என் வீட்டு அலமாரியில் அவருடையவையும் நான் சேர்த்தவையுமாக நிறைய வில்லைகள் இருக்கின்றன. பழைய வில்லையைத் துலக்கவே கூடாது என்பது சேகரிப்பவர்களின் முதல் விதி; மற்றவற்றை நானும் தொடுவதில்லை. கோவிந்தனுக்கு மட்டும் ஆயுத பூஜையன்று, பேர் இல்லாத பக்கத்தில், கொஞ்சம் புளி உண்டு. அன்று என்னை அடிக்காமல் வில்லையைப் புரட்டிப் பார்த்த கைக்கு நான் சொல்லும் நன்றி அது.