அட்டுவம்பட்டிக் கட்டிலுக்கு அடியில் என் குரல்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பேசும் படத்தில் நடித்தவன் என்று இருபத்தைந்து வருஷமாகப் பழனி முழுக்கப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை.

முப்பதுகளில் எங்கள் கம்பெனி நாடகத்தைப் படமாக்கினார்கள். எனக்குச் சேவகன் வேஷம், ஒரே வரி: "மன்னா, குதிரை தயார்!" கடைசி வரிசைக்கும் கேட்கக் கத்திப் பழகிய தொண்டை அல்லவா, கத்தினேன். ஒலிப்பதிவுக்காரர் காதைப் பொத்தியபடி ஓடிவந்து, "யோவ், மைக்கைக் கொல்லப் பாக்கிறியா?" என்றார். மறுபடி எடுத்தபோதும் அதே கத்தல். இந்தத் தடவை "ஓகே" என்றார். என் நடிப்பு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

படம் ஓடியபோது நான் ஊர் ஊராக நாடகத்தில் இருந்தேன். பாலசமுத்திரம் டெண்டுக் கொட்டகையில் அதைப் பார்த்தவள், பிற்பாடு என் மனைவியானவள். கல்யாணமான முதல் வாரமே அந்த வரியைப் பத்துத் தடவை பேசிக் காட்டினேன். "கொட்டகையிலயே கேட்டேன். அந்தக் கொரலுக்குத்தான் கழுத்த நீட்டுனேன்" என்றாள். சண்டை முற்றினால் என்னைப் போலவே "மன்னா, குதிரை தயார்!" என்பாள், நான் சிரித்துவிடுவேன். போன தையில் போய்விட்டாள். வீட்டில் இப்போது குதிரை தயாராவதில்லை.

படப்பெட்டிகள் எரிந்துபோயின என்று கேள்வி. ஒரே ஒரு ரீல் அட்டுவம்பட்டியில் ஆரோக்கியம் என்ற பழைய டெண்டு ஆபரேட்டரிடம் இருப்பதாக ஒட்டன்சத்திரம் மண்டியில் ஒரு லாரி டிரைவர் சொன்னார். என் மனைவி கேட்டதை நானும் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று ஐப்பசியில் கிளம்பினேன்.

பழனியில் காலை நாலரைக்கு பஸ். திண்டுக்கல் வழியாக வத்தலக்குண்டு எட்டு மணி. அங்கிருந்து கோடைக்கானல் நாற்பது மைல், இரண்டேகால் ரூபாய். என் முகத்தைப் பார்த்ததுமே கண்டக்டர், "சன்னலோரமா ஒக்காருங்கண்ணே. எங்களுக்கும் நல்லது" என்றார். மூன்றாவது வளைவில் அவர் தீர்க்கதரிசி ஆனார். பதினொன்றரைக்கு இறங்கி, நாலு மைல் நடந்தேன்.

ஆரோக்கியம் இப்போது ஒரு பள்ளி ஹாஸ்டலில் வாட்ச்மேன். ரீல் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

"புரொஜெக்டர் ஏதுண்ணே? போட்டாலும் பழைய பிலிமு, பத்திக்கும். கீழ வெயில் ஆகாதுன்னுதான் மலைக்குக் கொண்டாந்தேன். பதினஞ்சு வருஷமா இங்கனதான் கெடக்கு. வெரசா பாருங்க, மஞ்சு எறங்கிரும்."

ஜன்னல் வெளிச்சத்தில் சுருளைப் பிரித்துப் பிடித்தார். அரிசி அளவில் நான்! ஈட்டியும் மீசையும் பிளந்த வாயுமாக. பதினெட்டு வயது. அவளிடம் காட்ட வேண்டும் என்று சட்டென்று வாசல் பக்கம் திரும்பிவிட்டேன்.

போகிறவர்கள் கம்பளியும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டில் இட்லி சாப்பிடாதீர்கள். கடைசி பஸ் நாலு மணிக்கு. இரண்டு மணிக்கு மேல் மஞ்சில் கை தெரியாது, ரீல் எங்கே தெரியும்?

ஒன்றை விட்டுவிட்டேன். ரீலின் ஓரமாக ரம்பப்பல் மாதிரி ஒரு கோடு ஓடுகிறது, அதுதான் சத்தமாம். படத்துக்கு இருபது கட்டம் தள்ளி அதன் சத்தம் இருக்குமாம். என் வாயிலிருந்து இருபது எண்ணி ஆரோக்கியம் விரலை வைத்தார். அங்கே கோடு ஈர்க்குச்சி மாதிரி நேராக இருந்தது.

"இங்கன மைக்க மூடிட்டாங்கண்ணே. கொட்டகையில ஒங்க வாய் மட்டுந்தான் அசைஞ்சிருக்கும்."