சட்டைக்குள் போன ஒலிவாங்கி

உடலில் அணியும் எந்த ஒலிவாங்கியையும், அதை அணியப்போகிறவர் மீது, அவர் வழக்கமாக உடுத்தும் உடையோடு மாட்டிச் சோதித்த பின்பே ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் வேலை பார்த்த தொலைத்தொடர்புப் பரிசோதனைக் கூடத்தின் விதி இது. எழுதிய மூவரில் நானும் ஒருவன். மேசையில் வைத்துச் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட இருவரிடம் இந்த விதியைக் காட்டி விளக்கம் கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவர் இன்றைக்கும் கோயிலில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஓய்வு பெற்ற பிறகு, கொழும்பில் பாமன்கடைப் பகுதியில் ஒரு மாடி அறையில் இயங்கிய சிறு நிறுவனம் என்னை ஆலோசனைக்குக் கூப்பிட்டது. தனியாக வாழும் முதியவர்களுக்கு ஒரு கருவி செய்துகொண்டிருந்தார்கள். தீப்பெட்டி அளவு, கழுத்தில் நாடாவில் தொங்கும். விழுந்துவிட்டால் பொத்தானை அமத்த வேண்டும். உதவி நிலையத்திலிருந்து ஒருவர் பேசுவார், பதில் சொல்லலாம்.

சிக்கல் இரைச்சல்தான். கொழும்பு வீடுகளில் மின்விசிறி, தொலைக்காட்சி, தெருவில் முச்சக்கர வண்டி. அதனால் பெட்டியில் இரண்டு ஒலிவாங்கிகள் வைத்தோம். ஒன்றின் துளை மேல் விளிம்பில், வாயை நோக்கி. மற்றதன் துளை முன்பக்கத்தில், வெளியை நோக்கி. மேலே பலமாகவும் வெளியே மெல்லவும் விழுவது அணிந்தவரின் குரல். இரண்டிலும் ஒரே அளவாக விழுவது இரைச்சல், கருவி அதைக் கழித்துவிடும். துளைகளுக்கிடையே ஒரு விரல் அகலம்தான் தூரம். அதற்குள் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க ஐந்து மாதம் மெனக்கெட்டோம்.

இறுதிச் சோதனையை நானே செய்தேன். வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில், சேர்ட்டுக்கு மேலே பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு, அன்றைய பத்திரிகையின் மரண அறிவித்தல்களை உரத்து வாசித்தேன். காலை ரயில் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. பதிவைக் கேட்டபோது இறந்தவர்கள் எல்லோரும் தெளிவாக இருந்தார்கள்.

"அங்கிள், ட்ரெயினே காணேல்லை!" என்று வடிவமைப்பாளரான பெண் கைதட்டினாள்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் கருவிகளில் ஒன்றை என் அக்காவுக்குக் கொடுத்தேன். கணவர் போன பிறகு கொட்டாஞ்சேனையில் இரண்டு அறைகளில் தனியாக இருந்தார். ஒரே மகள் டொரொண்டோவில். தொலைபேசியில் அவள் என்னிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்: "மாமா, அம்மா கூப்பிட்டா ஆருக்காவது கேக்கோணும். இல்லாட்டி ஹெந்தளையில அந்த முதியோர் ஹோமிலதான் விடுவன்."

பக்கத்தில் இருந்த அக்காவுக்கும் அது கேட்டது. "ஹோமில என்ன, அஞ்சு மணிக்கே சாப்பாடு தந்து படுக்கச் சொல்லுவினம். நான் என்ன கோழியே? தம்பி, அந்தப் பெட்டியைத் தா."

மூன்றாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கோயிலால் வந்த அக்கா குசினியில் வழுக்கி விழுந்தார். பொத்தானை அமத்தினார். ஆனால் மேல்வீட்டுக்காரி தற்செயலாக எட்டிப் பார்த்தது நாலு மணிக்கு. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னார்:

"கேக்குதா அம்மா, கேக்குதா எண்டு மூண்டுதரம் கேட்டான். ஓம் மகன், விழுந்திட்டன், எழும்ப ஏலாது எண்டு கத்தினனான். எனக்கு அவன்ர சத்தம் நல்லாக் கேட்டது. பிறகு, தவறுதலா அமத்திட்டீங்கள் போல, பரவாயில்லை அம்மா எண்டு வச்சிட்டான். மரியாதையான பிள்ளை."

"அக்கா, பெட்டி எங்க கிடந்தது?"

"எங்க கிடக்கும்? சங்கிலியோட சட்டைக்குள்ள."

"வெளியில எல்லோ விடோணும்?"

"கழுத்தில கிடக்கிறதை வெளியில விட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனையில நடக்க எனக்கென்ன விசரா?"

சங்கிலி அறுப்பவனுக்குப் பயந்து, வாசற்படி இறங்குமுன் கழுத்தில் உள்ளதைச் சட்டைக்குள் தள்ளாத பெண்ணை இந்த நகரத்தில் நான் கண்டதில்லை. என் மனைவியும் அப்படித்தான். எழுபது வருடமாகக் கண்ணால் பார்த்த விஷயம்.

பாமன்கடையில் அந்த அழைப்பின் பதிவைப் போட்டார்கள். நிலையத்துப் பையனின் கேள்வி, துணி உரசும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. சட்டையும் சேலையும் மூடியிருந்ததால் அக்காவின் குரல் இரண்டு துளைகளிலும் ஒரே அளவாக விழுந்திருக்கிறது. ரயிலைக் கழித்த அதே நேர்த்தியோடு கருவி அக்காவையும் கழித்திருந்தது.

திருத்தம் கடினமல்ல. பொத்தானை அமத்திய பின் குரல் எதுவும் மிஞ்சாவிட்டால் கழித்தலை நிறுத்திவிட வேண்டும். இரைச்சலோடு ஒரு குரல், குரலே இல்லாததைவிட மேல்.

"ரெண்டு நாள் வேலை, அங்கிள்," என்றாள் வடிவமைப்பாளர். கண் கலங்கியிருந்தாள். "ஆனா டிசைன் இப்ப எங்கட கையில இல்லை."

உற்பத்தி செய்யும் பெரிய நிறுவனத்துக்கு அதை ஒப்படைத்திருந்தார்கள். மாற்றம் வேண்டுமானால் படிவம் நிரப்ப வேண்டும். குறைக்கான காரணம் என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள்: 'உற்பத்திக் குறை', பயன்படுத்துபவர் மேல் போடும் 'பாவனையாளர் தவறு'. மூன்றாவது கட்டம் ஒன்றைப் பேனாவால் கீறி, 'சோதனையாளர் தவறு' என்று எழுதி, அதில் அடையாளமிட்டு அனுப்பினேன். படிவத்தில் மாற்றம் செய்யக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். சரியான நடைமுறைதான். நானும் அதைத்தான் செய்திருப்பேன். புதுப் படிவத்தில் 'உற்பத்திக் குறை' என்பதில் அடையாளமிட்டு, என் தவறைத் தனிக் கடிதமாக இணைத்தேன். கிடைத்தது என்று அறிவித்தார்கள். பிறகு சத்தமில்லை.

அக்காவின் மகள் டொரொண்டோவிலிருந்து வந்து நின்றாள். ஒவ்வொரு காலையும் கேட்பாள்: "மாமா, பதில் வந்ததா?"

"வரும்."

"எப்ப? என்ர லீவு முடியுது. திருத்தாத சாமானை நம்பி நான் எப்பிடி அம்மாவை விட்டுட்டுப் போறது?"

முப்பது வருடம் மற்றவர்களுக்கு 'வரும்' என்று சொல்லியே பழகியவன் நான்.

அவளது விமானத்துக்கு இரண்டு நாள் முன்பு அக்காவை ஹெந்தளைக்குப் போக வான் வண்டியில் ஏற்றினோம். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அக்கா என்னைப் பார்த்தார். "உன்ர பெட்டி நல்ல பெட்டிதான், தம்பி. என்ர சட்டைதான் பிழை."

ஹோமின் வாசலில் அவரை இறக்கி, உள்ளே கூட்டிப்போனோம்.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. என் யோசனை ஏற்கப்பட்டதாம். ஏற்கெனவே விற்ற கருவிகளையும் இலவசமாகத் திருத்தித் தருவார்களாம். ஹெந்தளைக்குத் தொலைபேசி எடுத்து வாசித்துக் காட்டினேன். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "அதை வேற ஆருக்கும் குடு, இஞ்ச கட்டிலோட மணி இருக்கு," என்றார்.

கடிதத்தில் இட்டிருந்த திகதி, நாங்கள் அக்காவை வான் வண்டியில் ஏற்றியதற்கு முந்தைய நாள். என் கைக்குக் கிடைத்தது அதற்கு மூன்று வாரம் கழித்து, ஆடிப்பிறப்பன்று.