பூரணியின் கைகளைப் படம் பிடித்த நாள்

கந்தப்பளையில் எந்தக் கடையில் கேட்டாலும் பூரணியைத் தெரியும். "கார்மென்ட்ஸ் பூரணியா?" என்பார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தும், காலையில் கொழுந்து எடுக்க ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் ஒரு நாளும் பேர் கொடுக்காதவள் அவள். பத்தொன்பது வயதில், தாய் மீனம்மா கொழுந்துக் கூடையை எடுத்துக் கொடுத்தபோது, "நான் மெசினுக்குப் போறேம்மா" என்று சொல்லிவிட்டு, மறுநாளே ஆடைத் தொழிற்சாலையின் பஸ்ஸில் ஏறினாள். பதினெட்டு வருடம் அந்த பஸ்ஸில்தான் போய் வந்தாள்.

முதலில் நூல் வெட்டினாள். பிறகு பை தைத்தாள், கை தைத்தாள். ஏழாம் வருடம் சாம்பிள் அறைக்கு எடுத்தார்கள். அமெரிக்காக் கம்பெனி ஒரு புது மழைச்சட்டையை வரைந்து அனுப்பினால், அதை முதன்முதலில் துணியில் தைத்துக் காட்டுவது அங்கேதான். அந்த ஒற்றைச் சட்டை பிடித்தால் ஓடர் வரும். பூரணி தைத்தது எதுவும் பிழை என்று திரும்பி வந்ததில்லை.

மழைச்சட்டையின் வழுக்கும் துணியில், முன்பக்கம் இழுத்து மூடும் சிப்பை வைத்தால் பாம்பு மாதிரி நெளியும். மற்றவர்கள் குண்டூசி குத்திக்கொண்டு மல்லுக்கட்டுவார்கள். பூரணி இடது கைச் சுண்டுவிரலால் அடித்துணியை லேசாக இழுத்துப் பிடிப்பாள், அவ்வளவுதான். ஊசி ஓடி முடியும்போது சிப் நேராக நிற்கும். கணவன் செல்லசாமி லொறி விபத்தில் போன பிறகு, மகள் சுலக்ஷனாவைப் படிக்க வைத்தது அந்த விரல்தான்.

இரண்டாயிரத்து இருபத்தைந்தில், சித்திரை வருசப் பிறப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, இலங்கைச் சாமான்களுக்கு அமெரிக்கா நூற்றுக்கு நாற்பத்து நான்கு வீதம் வரி போடப் போகிறது என்று டிவியில் சொன்னார்கள்.

"அங்க வரி போட்டா நமக்கு என்னக்கா?" என்றாள் பக்கத்து மெசின் ஏஞ்சலா.

"தெரியலடி. மெனேஜர் சேர் மொகம் சரியில்ல" என்றாள் பூரணி.

மேலாளர் நிஹால் அடுத்த வாரம் ஸ்டொப்வோட்சுடன் வந்து அவள் பக்கத்தில் நின்றார். அதே சட்டை, அதே தையல், ஆனால் வரியை ஈடுகட்ட விலை குறைய வேண்டும் என்கிறதாம் அமெரிக்காக் கம்பெனி. முப்பத்துநான்கு நிமிடத்தில் முடிந்த சட்டையைப் பூரணி இரண்டே வாரத்தில் இருபத்தொன்பதுக்குக் கொண்டு வந்தாள். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டி வரும் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். ஆகஸ்டில் வரி இருபது வீதமாகக் குறைந்தது என்று செய்தி வந்தபோது கன்டீனில் எல்லோரும் கை தட்டினார்கள். பூரணியும் தட்டினாள்.

அதற்குள் அந்தக் கம்பெனி எகிப்தில் வேறு தொழிற்சாலை பார்த்து முடித்துவிட்டிருந்தது. அங்கே வரி பத்துத்தானாம். இருபத்தொன்பது நிமிடத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, கொழும்பிலிருந்து இரண்டு பேர் கமராவுடன் வந்தார்கள். பூரணியின் மெசினுக்கு மேலே விளக்குக் கட்டினார்கள். எகிப்தின் புதுத் தொழிற்சாலைக்காரர்களுக்குச் சிப் சரியாக வரவில்லை, அவள் தைப்பதைப் பார்த்துப் பழகுவார்கள் என்றார் நிஹால். முகம் வேண்டாமாம், கை மட்டும் போதுமாம்.

ஏஞ்சலா குனிந்து நூல் எடுப்பது போல வந்து காதருகே சொன்னாள்: "அக்கா, அந்த வெரல மட்டும் காட்டிறாதீங்க. அவங்களுக்குச் சிப் நெளிஞ்சா ஓடர் நம்மகிட்டயே வரும்."

பூரணி குண்டூசி குத்தினாள். சுண்டுவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு தைத்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் வைத்த சிப் நெளிந்தது.

நிஹால் சட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். கமராக்காரர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "பூரணி, இது உன் தையல் இல்லை."

அவள் மெசினில் தொங்கிய நூலை வெட்டினாள். நிஹால் தொடர்ந்தார்:

"நீ காட்டாவிட்டால் வேறு ஒருத்தியைப் பிடிப்பார்கள். ஓடர் போனது போனதுதான். டிசம்பரோடு எனக்கும் வேலை இல்லை."

அவர் பொய் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, அந்த மனிதரும் பயந்துபோய் இருந்தார். கமராக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பூரணி குண்டூசிகளை எடுத்து டப்பாவில் போட்டாள். சுண்டுவிரலை நீட்டி, துணியை இழுத்து, அவர்கள் கேட்டபடியே மெதுவாக, மூன்று தடவை தைத்துக் காட்டினாள். ஏஞ்சலா மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று வீட்டில் சுலக்ஷனா போனில் எகிப்தைத் தேடிக் காட்டினாள். ஒரே மணலாக இருந்தது.

"இந்தச் சூட்டுல மழைச்சட்டை தைக்கிறாங்களாம்மா?"

"அவங்களுக்கும் புள்ள குட்டி இருக்கும்ல" என்றாள் பூரணி.

டிசம்பரில் தொழிற்சாலை மூடியது. ஏஞ்சலா வேலை தேடிக் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கத் தொழிற்பேட்டைக்குப் போனாள். தாயும் இப்போது இல்லை, வயசுப் பிள்ளையை லயத்தில் தனியே விட்டுப் போகப் பூரணிக்கு மனம் வரவில்லை. ஹட்டன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கேட்டாள். அங்கேயும் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். சுலக்ஷனாவைத் தன் அக்கா வீட்டில் விடலாம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, ஜோர்தான் தையல் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கும் போய்ப் பார்த்தாள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவர், "முப்பத்தஞ்சுக்கு மேல எடுக்க மாட்டோம்" என்று திருப்பிக் கொடுத்தார். என்ன தைப்பாள் என்று கேட்கக்கூட இல்லை.

தை பிறந்ததும் தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை கொடுக்கும் கண்டாக்கையாவிடம் போய் நின்றாள்.

"பதிவுல சேக்க ஏலாது. எடுக்குற கொழுந்துக்கு அன்னன்னைக்குக் கைக்காசுக்கு வேணும்னா வா. கொழுந்து எடுத்துப் பழக்கமா?"

"இல்லைங்கையா."

முப்பத்தேழு வயதில், பனியில் நனையாமல் இருக்கப் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலை ஏறினாள். கொழுந்தை ஒடிப்பதற்குப் பதில் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். பக்கத்து நிரையில் நின்ற பெண்கள் இரண்டு நிரை முடித்துப் போய்விட்டார்கள். அன்று அவள் கூடை பாதிகூட நிறையவில்லை.

மாசி மாதம் ஒரு மாலை, அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த தாயின் எதிரில் சுலக்ஷனா வந்து உட்கார்ந்தாள். பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

"அம்மா, கொழும்புல உடுப்புக் கடைக்கு ஆள் கேக்குறாங்களாம். தங்கவும் எடம் குடுப்பாங்களாம். சோதன முடிஞ்சதும் நான் போகவா?"

"வேணாம்" என்றாள் பூரணி.

"அப்ப என்னம்மா செய்யிறது?"

பூரணி சுண்ணாம்புக் கையைத் துடைத்துவிட்டு, மகளின் பாடப் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். பிறகு தானே எழுந்து அடுப்புப் பற்றவைக்கப் போனாள்.