ஐந்து முறை குடித்த பால்

என் பால் ஒரு பிள்ளையின் பேதியை நிறுத்தியது. இதை நான் சொல்ல ஆரம்பித்தாலே என் மகள், "போதும்மா, இன்னும் எத்தினி பேருகிட்டதான் சொல்லுவ" என்று முகத்தைச் சுளிப்பாள். சொல்வேன். பேதி, பால், மார்பு என்று காதில் விழுந்தால் கூச்சப்படுகிறவர்கள் தாராளமாக எழுந்து போகட்டும். ஏரித் தண்ணீரில் தவழ்ந்து போய், பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்து அந்தக் கூடையில் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். பெருமைப்பட்டுக்கொள்ள எங்களுக்கு வாய்த்தது கொஞ்சம். வாய்த்த ஒன்றையும் எதற்காக அடக்கி வாசிக்க வேண்டும்?

எழுபதுகளின் பிற்பகுதி. பழவேற்காட்டு ஊருக்கு வெளியே, ஏரிக்கரை மேட்டில் எங்கள் குடிசைகள் இருந்தன. எனக்குத் தலைப்பிரசவம், பெண் பிறந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு முதல் மூன்று நாள் மஞ்சளாக வருகிற பாலை எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக் கொடுக்க மாட்டார்கள். திருப்பாலைவனத்துப் பக்கம் மாடு கன்று போட்டு யாராவது சீம்பால் கொண்டுவந்தால் வெல்லம் போட்டுக் காய்ச்சி, நீயா நானா என்று அடித்துக்கொண்டு தின்போம். அதே பால் மனுஷியிடம் வந்தால் 'சீப்பாலு' ஆகிவிடும். சீழ் கலந்த பால் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பத்து மாதம் உள்ளேயே தங்கிக் கெட்டுப்போனது, பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அதைக் கொட்டாங்கச்சியில் பீய்ச்சி, கால் படாத இடத்தில் ஊற்றிவிட வேண்டும். பிள்ளையின் வாயில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பார்கள்.

பிறந்த மறுநாள் காலையில் நான் அப்படிப் பீய்ச்சிக்கொண்டிருந்தபோது நர்சம்மா குனிந்து உள்ளே வந்தார். அரசாங்க நர்ஸ், வெயில் மழை பார்க்காமல் குப்பம் குப்பமாக நடக்கிறவர். கொட்டாங்கச்சியைக் கண்டதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ ஊத்தாத! ஒரு சொட்டு ஊத்துன, அப்புறம் தெரியும் சேதி."

"சீப்பாலும்மா இது."

"எது சீ? மொதல்ல உன் வாயக் கழுவு."

அப்புறம் பாயில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஊருக்குள், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மச்சுவீடு இருந்தது. தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். நாங்கள் இறால் கொண்டுபோய்க் கொடுக்கிற வீடு, எங்கள் வாயில் அது 'பாய் வூடு'. அங்கே மூன்று மாதத்து ஆண் குழந்தை ஒன்று. அதற்கு முன்னால் பிறந்த இரண்டு தங்கவில்லை. பிரசவத்தில் தாய்க்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட, பிள்ளை புட்டிப்பாலில் வளர்ந்தது. ஒரு மாதத்துக்கு மேலாகப் பேதி. இரண்டு முறை மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு போய் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றிக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்து புட்டியை வைத்ததும் மறுபடியும் ஆரம்பித்துவிடும். கடைசியாகப் பார்த்த டாக்டர், இதற்குரிய மருந்து கடையில் கிடைக்காது, புட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பெண்ணின் பாலுக்கு வழி பண்ணுங்கள், இப்போதுதான் பெற்றவளாக இருந்தால் இன்னும் நல்லது என்றாராம்.

"எம் பாலுல அப்பிடி இன்னாம்மா கீது?" என்று கேட்டேன்.

"நீ பொறந்ததுலேர்ந்து இந்த ஊருத் தண்ணியத்தான குடிக்கற? எத்தன தடவ வயித்தால போயிருக்கும்?"

"அதெல்லாம் கணக்கா வெச்சிக்கிறாங்க?"

"நீ வெக்கல. உன் ஒடம்பு வெச்சிருக்கு. ஒவ்வொரு தடவயும் அந்தக் கிருமியோட சண்ட போட்டு, அத அடையாளம் தெரிஞ்சி வெச்சிருக்கு. அடுத்த தடவ வந்தா அடிக்கறதுக்குன்னே ஆளுங்கள தயார் பண்ணி வெச்சிருக்கு. அவங்கதான் இப்ப இந்தப் பால்ல எறங்கியிருக்காங்க. மெட்ராஸ்காரி பால்ல இந்த ஊருக் கிருமிய அடிக்கிற ஆளு அவ்வளவா இருக்காது. உன்கிட்ட இருக்கு."

எண்பதுகளில் நான் பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்து பயிற்சிக்குப் போனபோது, அந்த 'ஆளு'க்கு எதிர்ப்பொருள் என்று பெயர் இருப்பது தெரிந்தது. வெளிநாட்டில் பசுவின் சீம்பாலிலிருந்து எதிர்ப்பொருளை எடுத்துக் குழந்தைகளின் பேதிக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று வகுப்பெடுத்த டாக்டர் சொன்னார். "நாங்க எப்பவோ குடுத்துப் பாத்துட்டோம் சார்" என்று எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அன்றைக்கு நர்சம்மா சொல்லி முடித்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அம்மாம் நல்ல பாலுன்னா, எம் புள்ளைக்கு மட்டும் ஏன் சக்கரத் தண்ணி?"

"அதத்தானே நான் இந்தக் கரையில நின்னு தொண்ட கிழியக் கத்தறேன்" என்றார் அவர்.

எனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி 'சீப்பாலு, சீப்பாலு' என்று வாசலில் நின்று கத்தக் கத்த, என் மகளை எடுத்து மார்பில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். முதல் பங்கு அவளுக்குத்தான். அதில் எனக்குக் குழப்பமே இல்லை.

மத்தியானம் பாய் வீட்டில் சமையல் வேலை செய்கிற அம்மாள் வந்தார். கையில் வெள்ளிக் கிண்ணம், பிள்ளைக்குப் புகட்டுகிற வெள்ளிப் பாலாடை, மேலே மூட வெள்ளைத் துணி. பிள்ளையைக் காணோம்.

"கொழந்த எங்க?"

"கொண்டார வேணாம்னுட்டாங்க. கிண்ணத்துல பீச்சிக் குடு, நான் எடுத்துட்டுப் போறேன்."

எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். சேற்றில் தவழ்கிறவளின் மேல் பிள்ளை படக்கூடாது, பால் மட்டும் வேண்டும். கிண்ணத்தை விட்டெறிந்திருப்பேன். என் வீட்டுக்காரர்தான் தடுத்தார். "கோவத்த அப்பாலிக்கா வெச்சிக்க. அங்க புள்ள சாவக் கெடக்குது" என்றார். பீய்ச்சிக் கொடுத்தேன். கிண்ணத்தின் அடி மறைகிற அளவுதான் வந்தது.

அன்று சாயங்காலமும் மறுநாள் இரண்டு வேளையும் கிண்ணம் வந்தது. ஆக நான்கு தடவை. புட்டியை நிறுத்தி, என் பாலையும், இடையிடையே நர்சம்மா கலக்கச் சொன்ன உப்புச் சர்க்கரைத் தண்ணீரையும் கொடுத்தார்கள். பத்துத் துணி நனைத்த பிள்ளை ஆறு துணிதான் நனைத்தது என்று சமையல்கார அம்மாள் சொன்னபோது, கோபத்தை மீறி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் கிண்ணம் வரவில்லை. அன்றைக்கென்று பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. ஜாக்கெட் நனைந்து, துணி மாற்றி, அதுவும் நனைந்தது. வீட்டுக்காரரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். "இப்போ வேணாம்னு சொல்ட்டாங்களாம்" என்று திரும்பி வந்தார். நான் வாசலுக்கு வந்து, ஊர்ப் பக்கம் பார்த்து, என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவற்றை இங்கே சொல்ல முடியாது.

கொஞ்ச நேரத்தில் நர்சம்மா மூச்சு வாங்க வந்தார். பிள்ளைக்கு மறுபடி புட்டி கொடுத்திருக்கிறார்கள், மறுபடி போகிறது என்றார்.

"போவட்டும். எங்க பாலு அசிங்கம்தான அவுங்களுக்கு?"

"அறிவிருக்கா உனக்கு? அசிங்கம்னா நாலு தடவ வாங்குவாங்களா?" என்று அவரும் கத்தினார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். அவர்கள் மார்க்கத்தில் ஒருத்தியின் பாலை ஒரு பிள்ளை ஐந்து தடவை குடித்துவிட்டால் அவள் அதற்குத் தாய். பேச்சுக்குச் சொல்கிற தாய் இல்லை, பால்குடித் தாய். அவள் பெற்ற பிள்ளைகள் அதற்கு அண்ணன் தம்பி அக்காள் தங்கை. கிண்ணத்தில் வாங்கிப் புகட்டினால் அந்த முறை வராது என்று வீட்டுப் பெண்கள் நினைத்திருக்கிறார்கள். நேற்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டனுப்ப, கிண்ணமானாலும் பால் பால்தான், அதுவும் கணக்கில் சேரும் என்று சொல்லிவிட்டார். நான்கு ஆகிவிட்டது. பிள்ளையின் தகப்பன் வியாபார வேலையாக நெல்லூர் போயிருக்கிறார். அவரைக் கேட்காமல் அவர் மகனுக்கு இன்னொரு தாயை உண்டாக்க அந்தப் பெண்களுக்குத் துணிச்சல் வரவில்லை.

நாங்களே சீழ் என்று ஊற்றிக்கொண்டிருந்த பாலை, அவர்கள் ஒவ்வொரு வேளையாக எண்ணியிருக்கிறார்கள். நான் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாகிவிட்டது.

நர்சம்மா திரும்பிப் போய் என்ன சொன்னாரோ தெரியாது. வெயில் சாய்வதற்குள் அந்தப் பிள்ளையைப் பெற்றவளே வந்தாள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, சகதியில் செருப்பு மாட்டிக்கொள்ள, அதைக் கழற்றி விட்டுவிட்டு வெறுங்காலோடு எங்கள் மேட்டில் ஏறினாள். என் வயசுதான் இருக்கும். அவள் தோளில் கிடந்த பிள்ளைக்குக் கண் உள்ளே போயிருந்தது. அழக்கூட இல்லை. நர்சம்மா அதன் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். உடம்பில் தண்ணீர் வற்றிப்போய், கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

"நெல்லூர்லேர்ந்து அவங்க வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள் அவள். "புள்ள இருந்தாத்தானே கேக்கறதுக்கு. நீயும் அவனுக்கு உம்மாவா இருந்துக்க. எனக்குச் சம்மதம்."

பிள்ளையை என் மடியில் வைத்தாள். புட்டி ரப்பருக்குப் பழகிய வாய், என் காம்பு அதற்குப் பிடிபடவில்லை. நழுவ விட்டது, மறுபடி நழுவ விட்டது. உதட்டில் சொட்டுச் சொட்டாகப் பீய்ச்சினேன். செத்துவிடுமோ, என் மடியிலேயே செத்துவிடுமோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நாக்கைச் சுருட்டி ஒரு இழுப்பு இழுத்தது பாருங்கள், எனக்கு முதுகுத்தண்டு வரை இழுத்தது. பெற்றவளும் நானும் ஒரே நேரத்தில் "அஞ்சு" என்றோம்.

அதற்கப்புறம் யாரும் எண்ணவில்லை. நாற்பது நாளுக்கு மேல், பகலெல்லாம் அவளும் பிள்ளையும் என் குடிசையில்தான். ஒரு பக்கம் என் மகள், ஒரு பக்கம் அவன். ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் அவள் பிள்ளைத் துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "பாரு, கெட்டியாப் போயிருக்கான்!" என்று கூவிக்கொண்டே வந்தாள். மேட்டில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சூழ்ந்து நின்று, கூறைப்புடவையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தோம். மருத்துவச்சியும் எட்டிப் பார்த்தாள். அதன் பிறகு எங்கள் மேட்டில் யாரும் கொட்டாங்கச்சியில் பால் பீய்ச்சவில்லை.

நெல்லூரிலிருந்து பாய் வந்துவிட்டார் என்று தெரிந்த அன்று எனக்கு உள்ளுக்குள் பயம்தான். சாயங்காலம் அவரே வந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார். அவர் வீட்டில் நாங்கள் இறால் கொடுப்பது கொல்லை வாசலில், அதைத் தாண்டி உள்ளே கால் வைத்ததில்லை. உட்காரச் சொல்ல எங்களிடம் ஒரு பலகைகூட இல்லை. என் வீட்டுக்காரர் ஈரப் பறியைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பாய் உள்ளே எட்டி, தூளியில் கிடந்த என் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பெரிய மனிதர்களிடம் பேசுகிற குரலில் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"எம் பையன் அஞ்சு தடவைக்கு மேல குடிச்சிட்டான். இனிமே உங்க பொண்ணு அவனுக்குத் தங்கச்சி முறை. அதனால நாளைக்கு நீங்களே வந்து சம்பந்தம் பேசினாலும், உங்க வீட்ல நாங்க பொண்ணெடுக்க முடியாது. தப்பா நெனச்சிக்கக் கூடாது. முன்னாடியே சொல்லிடறதுதான் முறைன்னு வந்தேன்."

என் வீட்டுக்காரர் கட்டிய கையைப் பிரித்தார். நிமிர்ந்து நின்றார். சிரிப்பில்லாமல், அதே பெரிய மனிதக் குரலில் பதில் சொன்னார்:

"பரவால்ல பாய். எங்க பொண்ணுக்கு நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."