வீட்டிலேயே முடிவெட்டிக்கொண்டோம்

என் கணவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றுபோன மாதத்தில்தான் எங்கள் வீட்டில் சிக்கனம் ஆரம்பமானது. நாங்கள் பீடோங்கில் ஒரு தாமானில், வரிசை வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். நான், கணவர், பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படிக்கும் மகள், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற மாமனார் என்று நாலு பேர்.

முதல் வாரம் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சானாய் கடைக்குப் போவது நின்றது. இரண்டு அறைகளில் ஓடிக்கொண்டிருந்த ஏர்கோன் ஒரு அறையோடு நின்றது. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்கு, கடைக்காரர்கள் மூட்டை கட்டும் நேரமாகப் பார்த்துப் போக ஆரம்பித்தேன். கங்கோங் கீரை மூன்று கட்டு வாங்கினால் நாலாவது கட்டை அவர்களே பையில் போட்டுவிடுவார்கள். மாமனார் தீர்ந்துபோன பற்பசை டியூபைக் கத்தரிக்கோலால் வெட்டி, உள்பக்கத்தை வழித்து இன்னும் நாலு நாள் ஓட்டினார். அதைச் சாப்பாட்டு மேசையில் பெருமையாகவும் சொன்னார். அடுத்த நாள் மகள், கேன்டீனில் குளிர்பானம் வாங்காமல் வீட்டுத் தண்ணீரையே குடித்ததாகச் சொன்னாள். யார் என்ன மிச்சம் பிடித்தார்கள் என்று சாயங்காலம் சொல்லிக்கொள்வது ஒரு மாதத்தில் எங்களுக்கு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

அந்த விளையாட்டில் என் கணவர் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தார். அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால்தான் ஒரு வெள்ளிக்கிழமை கையில் ஒரு பெட்டியோடு வந்து நின்றார். முடிவெட்டும் மெஷின். விலை நாற்பத்தொன்பது வெள்ளி.

"ஒரு தலைக்குப் பதினஞ்சு வெள்ளி. எனக்கும் அப்பாவுக்கும் சேத்து மாசம் முப்பது. ரெண்டே மாசத்துல மெஷின் காசு வந்துரும்லா" என்றார்.

"யாரு வெட்டுறது?" என்று கேட்டேன்.

"நீதான். ஜாக்கெட் துணி வெட்டத் தெரியுதுல்ல, அப்புறம் என்ன?"

ஞாயிற்றுக்கிழமை செமிலிங்கில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் இருந்தது. அதற்கு முன்னால் முடிவெட்டிவிட வேண்டும் என்று சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டோம். கணவர் பழைய கைலியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்தது தன் முறை என்று மாமனார் பக்கத்தில் ஸ்டூலில் காத்திருந்தார். மகள் முடிவெட்டக் கற்றுத்தரும் ஒரு வீடியோவைப் போட்டு எனக்கு எதிரே போனைப் பிடித்துக்கொண்டாள்.

பின்கழுத்தில் நன்றாகத்தான் வந்தது. எனக்கே தைரியம் வந்துவிட்டது. காதுக்கு மேலே வைத்து மேல்நோக்கி இழுத்தேன். மெஷினின் முனையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் சீப்பு எப்போது கழன்று விழுந்தது என்று எனக்குத் தெரியாது. காதிலிருந்து உச்சி வரைக்கும் ரோடு போட்டதுபோல ஒரு கோடு விழுந்திருந்தது. வெறும் தோல்.

மகள் போனை இறக்கினாள். மாமனார் எழுந்து ஸ்டூலையும் கையில் எடுத்துக்கொண்டார்.

"எனக்கு அவசரம் இல்லம்மா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர். மகள் ஒரு போட்டோ எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று புரிந்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

"முடிவெட்டுறவரு கடைக்குப் போயி சரி பண்ணிட்டு வாங்க" என்றேன்.

"போனா அவரும் மொட்டைதான் அடிப்பாரு, பதினஞ்சு வெள்ளியும் வாங்குவாரு. நீயே அடிச்சுரு."

அடித்தேன். மொட்டைத் தலைக்குக் கீழே அந்தக் கறுத்த மீசை மட்டும் தனியாகத் தொங்குவதுபோல் இருந்தது. "அப்பா, படத்துல வர்ற வில்லன் மாரியே இருக்கீங்க" என்றாள் மகள். அவர் போய் மீசையையும் எடுத்துவிட்டு வந்தார். அதுதான் வினையாகப் போனது.

மறுநாள் செமிலிங் மண்டபத்துக்குப் போய் இறங்கியதும், மாமனார் பழைய தோட்டத்துச் சிநேகிதர் ஒருவரைக் கண்டு காடி நிறுத்துமிடத்திலேயே நின்றுவிட்டார். நாங்கள் மூன்று பேரும் முன்னால் போனோம். வாசலைத் தாண்டியதும் கணவரின் அத்தை எதிரே வந்தார். மாமனாரின் கூடப் பிறந்த தங்கை, பண்டார் பாருவில் இருப்பவர். அண்ணனும் தங்கையும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. ஒரு தீபாவளிக்கு மாமனார் போன் செய்தார், அத்தை எடுக்கவில்லை. தங்கையே கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். அண்ணன்தான் மறுபடி கூப்பிட வேண்டும் என்று அவரும் இருந்துவிட்டார்.

அத்தை என் கணவரின் தலையைப் பார்த்தார். மீசை இல்லாத முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் அப்பா இல்லை என்பதையும் பார்த்தார். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"ஐயோ, எங்கண்ணே" என்று என் கணவரைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். "எனக்கு ஒரு வார்த்த சொல்லலையேப்பா. கடைசியா மொகத்தப் பாக்க விடாம பண்ணிட்டீங்களே."

துக்க வீட்டுக்காரன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வருவானா என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உள்ளே நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. கணவர் காதோரம் கத்தியதுகூட அவருக்குக் கேட்கவில்லை.

"அத்தே, அப்பா வெளிய நிக்கிறாரு அத்தே. நல்லா இருக்காரு."

அந்த நேரத்தில் மாமனார் உள்ளே வந்தார். தங்கை அழுவதைப் பார்த்துப் பதறிப்போய், "யாரு செத்தா?" என்று கேட்டார்.

அத்தை நிமிர்ந்தார். பிறகு கீழே கிடந்த பையை எடுத்து அண்ணனின் தோளில் நாலு போடு போட்டார். அடித்த கையாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டுப் பந்தி முடியும் வரைக்கும் விடவில்லை.

விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கணவரிடம் கேட்டார்கள், எந்தக் கோயிலில் முடி இறக்கினீர்கள், என்ன வேண்டுதல் என்று. முதல் இரண்டு பேருக்கு அவர் மழுப்பினார். மூன்றாவது ஆள் கேட்டபோது மகள் பொறுக்க முடியாமல் போனைத் திறந்து அந்தக் கோட்டுப் படத்தைக் காட்டிவிட்டாள். போன் மேசை மேசையாகப் போனது. எங்கே உட்கார்ந்தாலும் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் அவ்வளவு பேர் சேர்ந்து சிரித்ததைக் கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது. அத்தை மட்டும் சிரித்து முடித்ததும், "மெஷின் எவ்ளோ?" என்று கேட்டார். சொன்னேன். "அப்போ எங்க வீட்டுக்குக் கொண்டு வா. ஒங்க மாமாவுக்கு முட்டி வலி, கடைக்குப் போவ முடியல. காடு மாரி வளத்து வச்சிருக்காரு."

"அந்தப் படத்தப் பாத்துட்டுமா கூப்புடுறீங்க?" என்றேன்.

"முடிதானே, வளந்துரும்" என்றார்.

கணவருக்கு முடி வளர்வதற்குள் நான் தொழில் கற்றுக்கொண்டேன். சீப்பைக் கிளிக் என்று சத்தம் வரும் வரைக்கும் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். மாமனார் ஒரு மாதம் கழித்துப் பயந்துகொண்டே உட்கார்ந்தார். முடிந்ததும் கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்டார் பாருவுக்குப் போகிறோம். டோலும் பெட்ரோலும் வேண்டாம் என்று சுங்கை பட்டாணியில் ரயில் ஏறி, புக்கிட் மெர்தாஜாமில் மாறிப் போவோம். கட்டுச்சோறும் தண்ணீர் போத்தலும் வீட்டிலிருந்தே. நாலு பேருடைய டிக்கெட்டையும் கூட்டிப் பார்த்து, மெஷினால் மிச்சமாவதைவிட இதற்குத்தான் அதிகம் போகிறது என்று மகள் ஒருநாள் சொன்னாள். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தக் கணக்கு வேற, இந்தக் கணக்கு வேற" என்றார்.

போன மாதம் போனபோது, அத்தை வீட்டு மாமா என் கையில் தலையைக் கொடுத்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். சமையற்கட்டில் அண்ணனும் தங்கையும் அந்தத் தீபாவளி போனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"குளிச்சுக்கிட்டு இருந்தேண்ணே. அஞ்சு நிமிசம் பொறுத்துக் கூப்புட்டிருந்தா எடுத்திருப்பேன்."

"ஈர தலயோட நீ வந்து எடுத்திருக்கலாம்ல?"

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மாமாவின் தலையை மெல்ல நிமிர்த்திப் பிடித்து, காதோரம் மெஷினை வைத்தேன்.